வசந்தா நிழலும் ஒரு கொடிக்கம்பியும்

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். பொறியியல் கல்லூரி ஒன்றில் ஆசிரியை, பெயர் நிவேதா. மின்னணுவியல், வானொலி, விண்வெளி ஆகிய துறைகளின் தமிழ்ச் சொற்களைத் தொகுத்து நாலைந்து பேர் சேர்ந்து ஓர் அகராதி போடுகிறார்களாம். புத்தகச் சொற்கள் மட்டும் போதாது, தொழிலில் இருந்தவர்கள் வாயில் புழங்கிய சொற்களும் வேண்டும் என்றாள். நான் தொலைக்காட்சி ஒளிபரப்பு நிலையத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, உதவிப் பொறியாளராக ஓய்வு பெற்றவள். என்னிடம் சொல்லுக்கா பஞ்சம்? நாற்காலியை இழுத்துப் போட்டு வாகாக உட்கார்ந்துகொண்டேன்.

அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான். "மேடம், வசந்தா நிழல்னு ஒண்ணு சொல்றாங்களே, அது என்னங்க மேடம்?"

எனக்கு வயிறு எரிந்தது. வேலையை விட்டு வந்து வருடங்கள் ஆகின்றன, பேரன் பள்ளிக்கூடம் போகிறான், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறேன். இத்தனைக்குப் பிறகும் அந்தச் சொல்லைக் கேட்டால் எரியத்தான் செய்கிறது. அதை மூடி மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. பொறாமையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், நடுவில் கொஞ்சம் ரேடியோவும் வரும்.

"எங்க கேட்டீங்க?" என்றேன்.

"ஆலங்குடில எங்க வீட்டுக்கு கேபிள் குடுக்கிறவரு சொன்னாருங்க. மத்தியானம் படம் போயிருச்சுன்னு போன் பண்ணுனேன். 'இன்னைக்கு வசந்தாங்க, செத்த நேரம் பொறுங்க, தானா வந்துரும்'னாரு. வசந்தா யாருன்னு கேட்டா அவருக்குத் தெரியலை. அவரு அப்பா காலத்துலருந்து அப்படித்தான் சொல்லுவாங்களாம்."

பாருங்கள். வசந்தா யாரென்றே தெரியாதவர்கள் வாயில் வசந்தாவின் பெயர் இருக்கிறது. என் பெயர் என் ஆதார் அட்டையில் இருக்கிறது.

டிப்ளமா முடித்து, பரீட்சை எழுதி, டெல்லிக் குளிரில் நடுங்கிக்கொண்டே பயிற்சி பெற்று, அதிர்ஷ்டவசமாகச் சொந்த மாவட்டத்திலேயே வேலைக்கு வந்தேன். புதுக்கோட்டைக்கு வெளியே, பாறையும் கருவேலமுமாகக் கிடந்த ஒரு மேட்டில் எங்கள் நிலையம். வேலை இதுதான். வானத்தில் நிற்கும் செயற்கைத் துணைக்கோளிலிருந்து வரும் படத்தை வெளியே இருக்கும் பெரிய டிஷ் பிடிக்கும். உள்ளே இருக்கும் டிரான்ஸ்மிட்டர் அதைப் பெருக்கி, கோபுரத்தின் வழியாகச் சுற்றுவட்டாரத்துக்கு அனுப்பும். வீட்டு மாடிகளில் குழாயில் கட்டிய ஆண்டெனாக்கள் வாங்கிக்கொள்ளும். நடுவில் எது நின்றாலும் சனம் போன் செய்து எங்களைத் திட்டும்.

நிலையப் பொறியாளர் இராமலிங்கம் சார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. டிரான்ஸ்மிட்டர் கதவில் நாங்கள் கை வைத்தால் எங்கிருந்தாலும் வந்து பின்னால் நிற்பார். மூன்றே கேள்விகள் கேட்பார்.

"ஆஃப் ஆச்சா? தட்டியாச்சா? எடது கை எங்க?"

தட்டுவது என்றால், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெபாசிட்டர்களில் தங்கிக் கிடக்கும் உயர் அழுத்தத்தை வெளியேற்றுவது. மரக்கழியின் நுனியில் செம்புக் கொக்கி, கொக்கியிலிருந்து எர்த்துக்குத் தடித்த கம்பி. அந்தக் கொக்கியால் தொடும்போது சில நேரம் 'சட்' என்று ஒரு பொறி பறக்கும். அந்தப் பொறியைப் பார்த்தவர்கள் பிறகு ஒருநாளும் தட்டாமல் கை வைக்கமாட்டார்கள். மூன்றாவது கேள்விக்குக் காரணம் உண்டு. உள்ளே வலது கை மட்டும்தான் போகவேண்டும். இரண்டு கையும் போனால் மின்சாரம் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கிவிடும். ஆண்கள் இடது கையைப் பேண்ட் பையில் விட்டுக்கொள்வார்கள். சேலைக்குப் பை ஏது?

"முந்தானையப் பின்னால கொண்டுபோயி எடது கையில புடிச்சுக்கங்கம்மா. கையும் அங்கிட்டு இங்கிட்டு அலையாது, முந்தானையும் மெஷின்ல விழாது" என்று அவரே வழி சொன்னார். ஓய்வு பெறும் நாள்வரை நான் அப்படித்தான் நின்றேன். இப்போதும் மிக்ஸி ரிப்பேரானால் என் இடது கை தானாகப் பின்னால் போய்விடுகிறது.

சாரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. "வோல்ட்டு, வாட்டு, ஓம், ஹெர்ட்ஸு, இதெல்லாம் என்னம்மா? எல்லாம் ஆளுங்க பேருதான். ஒருத்தரு மெனக்கெட்டுப் பார்த்திருக்காரு, ஒலகமே அவரு பேரச் சொல்லுது. நம்ம ஸ்டேசன்லயும் அப்படித்தான். எந்தக் கோளாற யாரு கண்டுபுடிக்கிறாங்களோ அவங்க பேருதான் அதுக்கு" என்பார். மழை பெய்தால் மட்டும் தளர்ந்துபோகும் ஒரு கனெக்டருக்குக் காசி லூஸ் என்று பெயர். காசி எங்களுக்கு முன்னால் இருந்த டெக்னீஷியன். அவர் மாற்றலாகிப் போன பிறகும் மழை வந்தால் "காசி லூஸப் பாருங்க" என்போம். போன மனிதர் மழைக்கு மழை திரும்பி வந்துகொண்டிருந்தார். சம்பள உயர்வைவிட எனக்கு அப்படி ஒரு பெயரின் மேல்தான் ஆசை.

அது எனக்குக் கிடைக்கவும் செய்தது. பங்குனியிலும் புரட்டாசியிலும் சில நாள் உச்சி வெயில் நேரத்தில் படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள் பூத்து, கடைசியில் ஒன்றுமே தெரியாமல் போகும். டிஷ்ஷின் நடுவில், உயரத்தில், கம்பிகள் தாங்கிப் பிடித்தபடி ஒரு சின்னப் பெட்டி இருக்கும். எல்.என்.பி. என்போம். துணைக்கோளிலிருந்து வரும் மெலிந்த சிக்னலை முதலில் வாங்கிப் பெருக்குவது அதுதான். வெயிலில் அது சூடாகிவிடுகிறது என்று நான் முடிவு கட்டினேன். ஏணி போட்டு ஏறி, ஈரச் சாக்கை அந்தப் பெட்டியின் முதுகில் போர்த்தினேன். கொஞ்ச நேரத்தில் படம் வந்துவிட்டது. மறுநாளும் போட்டேன், வந்தது. சாருக்கு அனுபவமெல்லாம் வால்வு வைத்த பழைய ரேடியோ டிரான்ஸ்மிட்டர்களில், துணைக்கோள் அவருக்கும் புதுசு. தலையை ஆட்டி, "ஈஸ்வரி சாக்கு" என்றார். ஈஸ்வரி நான்தான்.

பக்கத்து மாவட்டத்து நிலையத்திலிருந்து ஒருநாள் போன். "நீங்க சொன்ன ஈஸ்வரி சாக்கப் போட்டோம் சார், நல்லா வேலை செய்யுது" என்று அந்தப் பக்கம் சொன்னது எனக்கே கேட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. நின்றுகொண்டே போனேன், கால் வலிக்கவே இல்லை.

அப்போதுதான் வசந்தா வேலைக்குச் சேர்ந்தாள். திருக்கோகர்ணத்துப் பெண், என்னைவிடச் சின்னவள், வந்த அன்றைக்கே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். உள்ளே ஏசிக் குளிர் அவளுக்கு ஆகாது. மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு டிஷ் பக்கத்து வேப்பமரத்தடிக்குப் போய்விடுவாள். அந்தப் பங்குனியில் படம் போன இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, சாக்கை நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டு நான் பாதி ஏணி ஏறிவிட்டேன்.

"ஈஸ்வரிக்கா, எறங்குங்க. சாக்கு வேணாம்."

"ஏன்?"

"அந்தப் பெட்டியோட நெழலப் பாருங்கக்கா. டிஷ்சுக்கு நட்ட நடுவுல விழுது. நேத்தும் படம் போனப்ப நடுவுலதான் கெடந்துச்சு. நெழலு வெலகுனதும் படம் வந்துருச்சு. சூட்டுனால போகுதுன்னா சாயங்காலம் வரைக்குமில்ல போகணும்?"

சார் வெளியே வந்தார். "சாக்கக் கீழ வைங்கம்மா. பாப்போம்" என்றார். மூன்று பேரும் வெயிலில் நின்றோம். வெள்ளை வெளேரென்ற டிஷ்ஷில் அந்தக் கறுப்பு நிழல் மெல்ல மெல்ல நடுவை விட்டு நகர்ந்தது. உள்ளே காவலாளி முத்து எட்டிப் பார்த்து, "படம் வந்துருச்சுங்கய்யா" என்றார். சாக்கிலிருந்து தண்ணீர் என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

சார் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். டிஷ் துணைக்கோளைப் பார்த்தபடி நிற்கிறது. வருடத்தில் இரண்டு தடவை, சில நாட்களுக்கு, சூரியன் அந்தத் துணைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அப்படி வந்தால்தான் நிழல் நடுவில் விழும். "சூரியனும் ஒரு டிரான்ஸ்மிட்டருதாம்மா. அது போடுற இரைச்சலுக்கு முன்னால நம்ம துணைக்கோளு எம்மாத்திரம். தள்ளிப் போறவரைக்கும் நாம சும்மா இருக்க வேண்டியதுதான்" என்றார். இதற்குச் சூரியக் குறுக்கீடு என்று புத்தகத்தில் ஒரு பெயர் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. எங்களுக்கு அன்றைக்கே அது வசந்தா நிழல் ஆகிவிட்டது. என் சாக்கு வாசலில் கால் துடைக்கப் போனது.

அதற்குப் பிறகு எனக்கு நல்ல காலமில்லை. பயிற்சிக்குச் சென்னைக்குப் போனால், "வசந்தா நிழல் ஸ்டேசன்தானே நீங்க?" என்று கேட்பார்கள். கேபிள்காரர்கள் ஊரூருக்கு டிஷ் வைக்க ஆரம்பித்து, மத்தியானம் படம் போகிறதென்று எங்களிடம் ஓடி வந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்தவள் நானேதான். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் வேப்பங்காயைக் கடித்தது போல இருக்கும். வசந்தா கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அவளோ தீபாவளிக்கு எனக்கென்று தனியாக முறுக்கு சுற்றிக்கொண்டு வருவாள். அந்த முறுக்கு நன்றாகவும் இருந்து தொலைக்கும்.

பிறகு எங்கள் நிலையத்துக்கு இரண்டாவது சேனல் வந்தது. அதே கோபுரத்தில் இன்னொரு டிரான்ஸ்மிட்டர். வந்த சில நாட்களில், சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஓர் அரசு அலுவலகத்திலிருந்து ஜீப்பில் ஓர் அதிகாரி வந்து இறங்கினார். அவர்களுடைய வயர்லெஸ்ஸில் எங்கள் செய்தி வாசிப்பும் பாட்டும் கேட்கிறதாம். அவசரத்துக்குப் பேச முடியவில்லையாம். சார் இரண்டு டிரான்ஸ்மிட்டரையும் அளந்து பார்த்தார், இரண்டும் சுத்தம். மேலிடத்திலிருந்து, சரிசெய்யும்வரை புதுச் சேனலை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார்கள். சாருக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. தன் கையால் ஏற்றிவைத்ததைத் தன் கையாலேயே அணைத்துவிட்டுப் போவதா என்று மனிதர் வாடிப்போனார்.

எனக்கும் வருத்தம்தான். ஆனால் அதைவிடப் பெரிதாக ஓர் எண்ணம் இருந்தது. இந்தக் கோளாறு எனக்கு வேண்டும். வசந்தா பிரசவ விடுப்பில் இருந்தாள், இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

சாரிடம் அனுமதி வாங்கி, பகலில் கொஞ்ச நேரம் இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். ஒன்றை நிறுத்தினால் வயர்லெஸ்ஸில் சத்தம் இல்லை. மற்றதை நிறுத்தினாலும் இல்லை. இரண்டும் ஓடினால் வந்தது. அப்படியானால் வெளியே ஏதோ ஓர் இடத்தில் இரண்டு அலைகளும் கலந்து மூன்றாவதாக ஓர் அலை பிறக்கிறது. ஆனால் எப்போதும் இல்லை. காலையில் ஓட்டினால் சுத்தமாக இருக்கும், சாயங்காலம் ஓட்டினால் கேட்கும். ஒருநாள் காலையிலேயே கேட்டது. என்னால் ஒன்றும் புரிந்துகொள்ள முடியவில்லை.

இரண்டையும் ஓடவிட்டு, கையடக்க ரிசீவரை எடுத்து, அந்த வயர்லெஸ்ஸின் அலைவரிசையில் வைத்து, சின்ன வளைய ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டே வளாகத்தைச் சுற்றி நடந்தேன். சத்தம் கோபுரத்தின் பின்பக்கம் கூடியது. அங்கேதான் காவலாளி முத்துவின் வீடு. அவர் மனைவி அஞ்சலை கோபுரத்தின் காலுக்கும் வேலியின் இரும்புத் தூணுக்கும் குறுக்கே ஓர் இரும்புக் கம்பியை இழுத்துக் கட்டி அதில்தான் துணி காயப்போடுவார். கம்பியின் முனை தூணைச் சுற்றிய இடத்தில் துரு பொடியாக உதிர்ந்தது. ஆண்டெனாவை அந்தத் துரு முடிச்சின் பக்கத்தில் கொண்டுபோனதும், ரிசீவரில் செய்தி வாசிக்கும் குரல் கணீரென்று வந்தது.

அப்போது கம்பியில் துணி இல்லை. எனக்குப் பொறி தட்டியது.

"அஞ்சலை, கம்பியில ஈரத் துணி எதையாச்சும் போடுங்க."

"இப்பத்தாம்மா காஞ்சதையெல்லாம் எடுத்தேன்."

"நனைச்சுப் போடுங்க."

"காஞ்ச துணிய எதுக்கும்மா நனைக்கணும்? ஒங்களுக்கு ஒடம்புக்கு நல்லாத்தான இருக்கு?"

முணுமுணுத்துக்கொண்டே ஒரு கனத்த போர்வையை நனைத்துக் கொண்டுவந்து போட்டார். கம்பி தொய்ந்தது, முடிச்சு இறுகியது. குரல் சட்டென்று நின்றது.

துருப்பிடித்த இரண்டு இரும்புகள் லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த இடம் மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் அதிகம் விடும். ரேடியோவின் தொடக்க கால முன்னோடிகள் ஒரு படிகத்தின் மேல் மெல்லிய கம்பி முனையை வைத்து, அந்த ஒரு தொடுதலால்தான் அலையிலிருந்து குரலைப் பிரித்தெடுத்தார்கள். அதையேதான் அஞ்சலையின் கொடிக்கம்பியும் செய்துகொண்டிருந்தது. பிரித்ததோடு நிற்காமல் இரண்டு சேனலையும் கலந்து புது அலையாக ஊருக்கு அனுப்பியது. காலையில் ஈரத் துணியின் கனத்தில் முடிச்சு இறுகி இருந்தது, துணி காய்ந்து எடுத்ததும் தளர்ந்தது. சத்தம் காலையில் கேட்ட அந்த ஒருநாள் அஞ்சலை துவைக்கவில்லை.

சாரைக் கூட்டிவந்தேன். நான் காரணத்தைச் சொல்ல வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "மொதல்ல என்ன தெரியுதுன்னு சொல்லுங்கம்மா. என்ன தோணுதுன்னு அப்புறம் சொல்லலாம்." சொன்னேன். அவரே போர்வையைத் தூக்கினார், குரல் வந்தது. விட்டார், நின்றது. மறுபடி தூக்கினார். ஒரு குழந்தையைப் போல அதையே செய்துகொண்டிருந்தார். அஞ்சலை எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

கம்பியை அறுத்தெடுத்தேன். வேலியில் ஓர் இணைப்பு விடாமல் துருவைச் சுரண்டி, இறுக்கி, செம்புக் கம்பியால் பிணைத்து, பெயிண்ட் அடித்தேன். அஞ்சலைக்கு நைலான் கயிறு வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவது சேனல் மறுபடி ஓடியது. டீ குடிக்கும்போது எல்லோருக்கும் முன்னால் சார் சொன்னார். "இதுக்குப் பேரு ஈஸ்வரி கொடி."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாராவது அந்தப் பெயரைச் சொல்வார்கள் என்று அடுத்த நாள் காத்திருந்தேன். அடுத்த மாதம் காத்திருந்தேன். சார் ஓய்வு பெற்றுப் போனார். ஒருவரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. நான் செய்த வேலை அவ்வளவு சுத்தம். அந்தக் கோளாறு அதற்குப் பிறகு திரும்பவே இல்லை. வராத கோளாறின் பெயரை யார் சொல்லப் போகிறார்கள்? வசந்தாவின் சூரியனோ பங்குனியிலும் புரட்டாசியிலும் தவறாமல் வந்து அவள் பெயரைச் சொல்லவைத்துவிட்டுப் போனது. நைலான் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பழைய கம்பியையே கட்டிவிடலாமா என்றுகூட எனக்கு ஒருநாள் தோன்றியது. செய்யவில்லை. ஆனால் தோன்றியது.

இப்போது அந்த நிலையமும் மூடப்பட்டுவிட்டது. நிவேதா நேரில் வந்தாள். வசந்தாவைப் பார்க்க வேண்டும் என்றாள். நான்தான் திருக்கோகர்ணத்துக்கு டவுன் பஸ்ஸில் கூட்டிப்போனேன். வசந்தா டிஷ், நிழல், சாக்கு எல்லாவற்றையும் சொன்னாள். சாக்கை மட்டும் அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். நிவேதா போனில் பதிவு செய்துகொண்டாள். அவள் கிளம்பும் நேரத்தில் என்னால் அடக்க முடியவில்லை, கொடிக்கம்பிக் கதையை முழுக்கச் சொல்லிவிட்டேன்.

"சூப்பருங்க மேடம்" என்றாள். முகம் உண்மையிலேயே மலர்ந்திருந்தது. "ஈஸ்வரி கொடின்னு இப்ப யாரெல்லாம் சொல்றாங்க?"

"யாரும் சொல்றதில்ல. அது திரும்ப வரலையே."

அவள் கொஞ்சம் சங்கடப்பட்டாள். "இப்ப புழக்கத்துல இருக்கிற சொல்லத்தாங்க மேடம் சேர்க்கணும்னு வச்சிருக்கோம். தப்பா எடுத்துக்காதீங்க." அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆட்டோ பிடித்து அனுப்பிவைத்தோம்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் வசந்தா காபி கொண்டுவந்து வைத்தாள். "ஒங்க மேல எனக்கு எம்புட்டுப் பொறாமை தெரியுமாக்கா?" என்றாள்.

"என் மேலயா?"

"பிள்ளையப் பெத்துட்டு லீவு முடிஞ்சு வந்து அந்தக் கொடிக் கதையக் கேட்டப்ப எனக்குச் சோறு எறங்கலை. நான் என்னத்தக்கா சரி பண்ணுனேன்? நெழலு விழுதுன்னு சொன்னேன், அம்புட்டுத்தான். அப்பவும் சூரியன் போறவரைக்கும் எல்லாரும் சும்மா நின்னோம். இன்னைக்கும் சும்மாதான் நிக்கிறாங்க. நீங்க கை வச்சது அப்படியா? போனது போனதுதான், திரும்ப எட்டிப் பாக்கலையே."

என் உடம்பெல்லாம் குளிர்ந்தது. இத்தனை வருடம் நான் மட்டும்தான் எரிந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவளும் எரிந்திருக்கிறாள். எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியே காட்டாமல் இருக்க, காபியை ஆற்றினேன். அந்தச் சந்தோஷத்தில்தான் கேட்டுவிட்டேன்.

"அப்ப மாத்திக்கிருவமா வசந்தா? அந்தப் புள்ளைக்கு ஒரு போனப் போட்டுச் சொல்லிருவோம். நெழலு ஈஸ்வரிது, கொடி வசந்தாது. கொடிதான் பெருசுங்கிறயே."

விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் அவள் சரி என்று சொல்லிவிட்டால் உடனே போன் போட நான் தயாராக இருந்தேன், நிவேதாவின் எண் என் கையிலேயே இருந்தது.

வசந்தா சிரிக்கவில்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தாள். "வேணாம்க்கா, அது எம் பேர்லயே இருக்கட்டும்" என்றாள்.

கோபப்படத்தான் பார்த்தேன், வரவில்லை. அவளாவது யோசித்தாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் கேட்ட மறுகணமே வேண்டாம் என்றிருப்பேன்.